முதல் படகை யார் வாங்குவது?



எரிசக்தியைச் சிக்கனமாகச் செலவிடும் புதிய தொழில்நுட்பம் எப்படி வளர்கிறது என்ற பேச்சு வந்தால், அரசு மானியம் கொடுத்ததா, எவ்வளவு கொடுத்தது என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். தனித்து நிற்கும் மானியத்தால் ஒரு புதுமை கரை சேர்வது அரிது என்பது என் துணிபு. விதி, கொள்முதல், கடன், மானியம் நான்கும் ஒன்றுக்கொன்று கைகொடுக்க வேண்டும். சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம், நம் கொச்சிக் காயலே போதும்.

பெரியார் சிறை சென்ற வைக்கத்திலிருந்து எதிர்க்கரையான தவணக்கடவுக்கு 2017 ஜனவரி 12 அன்று 'ஆதித்யா' ஓடத் தொடங்கியது. 75 பேர் அமரும் இந்தியாவின் முதல் சூரியசக்திப் பயணிகள் படகு அது. கட்டியது நம் பக்கத்து நிறுவனமான நவால்ட். கூரையில் சூரியத் தகடுகளைப் பார்த்ததும் எல்லோரும் சூரியனைப் புகழ்ந்தார்கள். நான் புகழ்வது அதன் அடிப்பாகத்தை. 20 மீட்டர் நீளக் கூரையில் விழும் வெயிலுக்கு ஓர் அளவு உண்டு; 20 கிலோவாட் தகடுகளுக்கு மேல் அங்கே இடமில்லை. ஆகவே, படகின் பசியைக் குறைப்பதைத் தவிர வழியில்லை. கனத்த மர உடலுக்குப் பதில் இலேசான கண்ணாடியிழை வந்தது. அகன்ற ஒற்றை அடிப்பாகம் போய், தண்ணீரைக் கிழித்துச் செல்லும் ஒடுங்கிய இரண்டு அடிப்பாகங்கள் வந்தன. வேகம் கூடினால் தேவைப்படும் திறன் ஏறத்தாழ அதன் மும்மடிப் பெருக்கமாக ஏறும் என்பதால், அவசரமில்லாத நிதான வேகமே போதும் என்று முடிவானது. தலா 20 கிலோவாட் மோட்டார்கள் இரண்டு அதை இழுத்துச் செல்கின்றன. அதே வேலைக்கு டீசல் படகு நாளொன்றுக்கு நூறு லிட்டர் அளவில் குடித்துக்கொண்டிருந்தது.

இந்த வரைபடம் தண்ணீரில் இறங்கியதற்குக் காரணம், கேரள மாநில நீர்ப் போக்குவரத்துத் துறை முதல் படகை வாங்க முன்வந்ததுதான். அதுவரை ஓடிக் காட்டாத படகுக்கு வங்கியும் தயங்கும், தனியாரும் தயங்குவார்கள். அந்த ஆபத்தை ஓர் அரசுத் துறை தன் தலையில் ஏற்றது. மறுபுறம் 2010ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலன் விதிகள் இருந்தன. தேக்கடியில் 2009இல் படகு கவிழ்ந்து 45 உயிர்களைப் பறிகொடுத்த மாநிலம் இது. பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க முடியாது. கடுமையான விதி புதுமையை முடக்கும் என்பவர்களுக்கு, அந்த விதிகளுக்கு உட்பட்டே கட்டப்பட்ட ஆதித்யாவே பதில். அது நன்றாக ஓடிய பின் அதே துறை மேலும் சூரியப் படகுகளை வாங்கியது.

நார்வேயைப் பாருங்கள். 1991 முதல் அங்கே கரியமில வரி உண்டு. நைட்ரஜன் ஆக்சைடு புகைக்கும் வரி வந்தது. தொழில்துறை ஒரு நிதியம் அமைத்து, புகையைக் குறைக்கும் கப்பல்களுக்கு அதிலிருந்து பணம் தந்தது. இவற்றோடு அரசின் சாலைத் துறை படகுச் சேவைக்கான தன் ஒப்பந்தப்புள்ளியிலேயே புதிய தொழில்நுட்பத்தைக் கேட்டது. 2015இல் கார்களை ஏற்றிச் செல்லும் மின்படகு 'ஆம்பியர்' ஓடியது. அந்தக் கொள்கைகளின் பலன் கொச்சிக்கும் வந்து சேர்ந்தது: நார்வேயின் ஆஸ்கோ நிறுவனத்துக்காக ஆஸ்லோ கடற்கழியைக் கடக்கும் இரண்டு மின்கப்பல்களை நம் கொச்சி கப்பல் கட்டும் தளம் கட்டி 2022இல் அனுப்பியது. நார்வே அரசின் நிதியுதவி பெற்ற திட்டம் அது.

அதே தளம்தான் கொச்சி வாட்டர் மெட்ரோ படகுகளையும் கட்டியது. ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கிக் கடனோடு, 78 படகுகள், 38 படகுத்துறைகள் என்று திட்டம் வகுக்கப்பட்டது. கட்டுபவருக்கு ஒரே படகு முன்மாதிரி, அடுத்தது எப்போது வருமோ என்ற நிலை இல்லை. தொடர்ச்சியான வேலை கண்ணில் தெரிந்தது. 2023 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய சேவை, 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரிக்கும் வந்தது. நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்தே உயர்ந்து தாழும் மிதவை மேடையில் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு நேரே படகில் ஏறலாம். படகுத்துறையில் நிற்கும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் பேட்டரி நிரம்பிவிடும்.

ஆனால் இதே நீரில் இன்னொரு காட்சியும் உண்டு. சிறு மீன்பிடிப் படகுகளின் வெளிப்பொருத்து இயந்திரங்கள் பல மானிய மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. மின்வாகனங்களுக்கான மத்திய அரசின் ஃபேம் திட்டம் ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் பேருந்துக்கும் ஊக்கத்தொகை தந்தது. படகு அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு கை புதியதை அழைக்கிறது, மறு கை பழையதைத் தாங்கிப் பிடிக்கிறது. அதற்காக மண்ணெண்ணெய் மானியத்தை நாளையே நிறுத்தச் சொல்பவன் அல்ல நான். முதலில் மீனவர் கைக்கு மாற்று இயந்திரம் வர வேண்டும். அதை வாங்கக் கடன் வேண்டும். பழுதானால் தோப்பும்படியிலேயே பார்த்துக்கொடுக்க ஆள் வேண்டும். அதன் பிறகே எரிபொருள் மானியத்தைப் படிப்படியாகக் குறைக்கலாம். வரிசை மாறினால் சுமை முழுவதும் மீனவர் தலையில்தான் விழும்.

இன்னொன்று, உடனே செய்யக்கூடியது. வாங்கும் விலையில் டீசல் படகே மலிவு. ஆகவே குறைந்த விலை கேட்டவருக்கே ஒப்பந்தம் என்ற முறையில் அதுவே வெல்லும். படகின் ஆயுள் முழுவதற்குமான எரிபொருள், பராமரிப்புச் செலவையும் விலையோடு கூட்டிப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்ற விதியை உள்ளாட்சிகள் வாங்கும் சிறு படகுகளின் ஒப்பந்தப்புள்ளிகளிலும் சேர்க்குமாறு மாநில அரசை இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.