கடற்கண்ணியும் அதனைக் களையும் முறையும்



1917ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பம்பாய்த் துறைமுகத்துக்கு அப்பால் ஒரு கப்பல் ஊர்ந்து சென்றது. பார்வைக்கு அது சரக்குக் கப்பல். உண்மையில் 'வுல்ஃப்' என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல். முந்தைய நவம்பரில் தாயகத்தை விட்டுப் புறப்பட்டபோது அதன் வயிற்றில் 400க்கு மேற்பட்ட கடற்கண்ணிகள் இருந்தன. கொழும்புக்கு அருகில் சிலவற்றையும் பம்பாய்க்கு அருகில் சிலவற்றையும் நீரில் இட்டுவிட்டு அது தன் வழியே போயிற்று. ஜூன் 23 அன்று 'மங்கோலியா' என்னும் பயணிக் கப்பல் பம்பாயை நெருங்குகையில் அவற்றுள் ஒன்றில் மோதி மூழ்கியது. அப்போது வுல்ஃப் பசிபிக் மாகடலில் இருந்தது.

கண்ணி என்று நம் மொழியில் பெயரிட்டவர் பொருத்தமாகவே பெயரிட்டார். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. காட்டில் கண்ணி வைத்த வேடன் அதனைப் பார்க்கத் திரும்பி வருவான். கடலில் வைத்தவன் வருவதில்லை. இடுவது ஓர் இரவின் வேலை. எடுப்பதோ பல திங்கள்களின் வேலை. இந்த ஏற்றத்தாழ்வை எவ்வாறு சரிசெய்வது என்பதே கடற்படை அறிஞர்களின் முன் நிற்கும் கேள்வி.

பழைய கண்ணியின் அமைப்பு எளிது. வெடிமருந்து நிரப்பிய இரும்பு உருண்டை, கடலடியில் ஒரு பாரம், இரண்டையும் பிணைக்கும் கம்பிக் கயிறு. உருண்டையின்மேல் ஈயக் கொம்புகள். கொம்பினுள் அமிலம் அடங்கிய கண்ணாடிக் குப்பி. கப்பல் இடித்தால் கொம்பு வளையும், குப்பி உடையும், அமிலம் மின்கலத்தில் இறங்கும், மின்சாரம் பிறக்கும், மறுகணம் வெடிக்கும். இதனைக் களையும் வழியும் எளிதே. இரு பக்கமும் வெட்டுக்கத்தி பூட்டிய நீண்ட வடத்தை நீருக்குள் இழுத்துச் சென்றால் கயிறு அறுபடும். மிதந்து வரும் உருண்டையைத் துப்பாக்கியால் சுட்டுத் தீர்க்கலாம். இதனைப் பழங்கதை என்று தள்ளிவிட வேண்டா. 1988 ஏப்ரல் 14 அன்று பாரசீக வளைகுடாவில் 'சாமுவேல் பி. ராபர்ட்ஸ்' என்னும் அமெரிக்கப் போர்க்கப்பலின் அடித்தண்டை முறித்த கண்ணி, 1908ஆம் ஆண்டு ரஷ்ய மாதிரியைச் சேர்ந்ததே.

இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் நிலைமை மாறிற்று. 1939ஆம் ஆண்டின் இறுதியில், வாரி முடித்த பாதையிலேயே பிரிட்டிஷ் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிதறின. எதிலும் மோதாமலே சிதறின. கடலடியில் கிடந்து, கப்பலின் இரும்பு உடலில் ஏறியுள்ள காந்தத்தை உணர்ந்து வெடிக்கும் கண்ணி என்று ஊகித்தனர். ஆனால் அது எவ்வாறு இயங்குகிறது என்று அறிந்தாலன்றி மாற்றுச் செய்ய இயலவில்லை. நவம்பர் 22 இரவு ஒரு ஜெர்மானிய விமானம் அத்தகைய கண்ணிகளைத் தேம்ஸ் முகத்துவாரத்தில், ஷூபரினெஸ் என்னும் இடத்துச் சேற்றுநிலத்தில் தவறவிட்டது. மறுநாள் நீர் வடிந்திருந்த சில மணி நேரத்துக்குள் ஜான் ஊவ்ரி என்னும் கடற்படை அதிகாரி, பால்ட்வின் என்னும் துணைவருடன், காந்தம் பற்றாத பித்தளைக் கருவிகளைக் கொண்டு அதன் உறுப்புகளைக் கழற்றினார். இன்னும் இருவர் தொலைவில் நின்று ஒவ்வோர் அடியையும் குறித்துக்கொண்டிருந்தனர். அவர்கள் இறந்துபட்டால், அடுத்து வருவோர் அந்தத் தவற்றைச் செய்யாதிருக்க வேண்டுமல்லவா?

கண்ணியின் உள்ளமைப்பு தெரிந்ததும் மாற்று விரைவில் கிடைத்தது. கப்பலைச் சுற்றி மின்கம்பி பதித்து, அதன் காந்தத்துக்கு எதிரான காந்தத்தை உண்டாக்கினார்கள். இரு கப்பல்கள் மிதக்கும் மின்வடங்களை இழுத்துச் சென்று, கண்ணியை ஏமாற்றி வெற்று நீரில் வெடிக்கவைத்தன. ஆனால் எதிரியும் சும்மா இருக்கவில்லை. இயந்திர ஓசையைக் கேட்டு வெடிக்கும் ஒலிக் கண்ணி வந்தது. கப்பல் கடக்கையில் நீரின் அழுத்தம் குறைவதை உணரும் அழுத்தக் கண்ணி 1944இல் வந்தது. பின்னவற்றுள் எண்ணிக்கைப் பொறியும் சேர்ந்தது. பத்துக் கப்பல்களை விட்டுவிட்டுப் பதினோராவதில் வெடிக்குமாறு வைத்தால், ஒன்பது முறை வாரிய பாதையும் தூயதென்று சொல்ல முடியாது.

எனவேதான் வாருதலோடு வேட்டையும் வேண்டியதாயிற்று. சோனார் என்னும் கருவி ஒலியலைகளை அனுப்பி, எதிரொலியிலிருந்து கடலடியைப் படமாக வரைகிறது. படத்தில் தோன்றும் ஒவ்வொரு பொருளையும் ஆராய வேண்டும். பாறையா, பழைய பீப்பாயா, கண்ணியா? கண்ணியெனத் தெரிந்தால் சிறிய நீரடி ஊர்தி அருகில் வெடிமருந்து வைத்து அதனை அழிக்கும். சில வேளை முக்குளிப்போரே இறங்குவார்கள். இப்பணிக்குரிய கப்பலும் தனி வகையது. காந்தம் குறைந்த உடல் வேண்டும். ஓசை அடங்கிய இயந்திரம் வேண்டும். அலை அடித்தாலும் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கவும் வேண்டும்.

நம் கடல்கள் இந்த வேட்டைக்கு எளியவை அல்ல. ஆறுகள் கொணரும் வண்டல் கண்ணியை மூடிவிடும். கலங்கிய நீரில் முக்குளிப்போர்க்குத் தம் கையே தெரியாது. கல்கத்தாவில் வாழும் நேயர்கள் சிட்டகாங்கை அறிவீர்கள். 1971ஆம் ஆண்டுப் போரில் அத்துறையின் நுழைவாயிலில் இடப்பட்ட கண்ணிகளையும் மூழ்கிய கப்பல்களையும் அகற்ற, 1972 ஏப்ரல் முதல் 1974 ஜூன் வரை சோவியத் கடற்படையினர் உழைத்தனர். அப்பணியில் உயிரிழந்த சோவியத் மாலுமி ஒருவரின் கல்லறை பதெங்காவில் உள்ளது.

இந்தியாவின் வாணிபச் சரக்கில், எடையளவில், ஏறத்தாழ 95 விழுக்காடு கடல் வழியே செல்கிறது. கண்ணி இருக்கிறது என்ற வதந்தி ஒன்றே துறையை மூடப் போதும். 1978 முதல் 1988 வரை சோவியத் நாட்டிலிருந்து 12 கண்ணி வாரும் கப்பல்களை வாங்கினோம். புதுச்சேரி, கடலூர் என்னும் நம் ஊர்ப் பெயர்களையும் அவற்றுள் இரண்டு தாங்கியிருந்தன. கடலூர் 2018இல் ஓய்வு பெற்றது. 2019இல் கோழிக்கோடும் ஓய்வு பெற்றபோது அவ்வரிசையில் ஒன்றும் எஞ்சவில்லை. கோவாவில் புதியவற்றைக் கட்டத் தென்கொரிய நிறுவனத்துடன் நடந்த பேச்சு 2018இலேயே முறிந்திருந்தது. 2025 ஜூலையில்தான் புதிய கப்பல்களுக்கு அரசின் பாதுகாப்புக் கொள்முதல் குழு முதற்கட்ட இசைவளித்தது. இத்தகைய இடைவெளி நேர விட்டிருக்கலாகாது என்பதே எம் கருத்து.

நம்பிக்கை தருவது விசாகப்பட்டினத்தில் 1969இல் நிறுவப்பட்ட கடற்படை அறிவியல் ஆய்வகம். காந்தம், ஒலி, அழுத்தம் முதலிய பலவற்றை உணரும் கண்ணி ஒன்றை அவர்கள் வடிவமைத்தனர். 2025 மே மாதம் அது கடலில் வெடித்துச் சோதிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், கையால் தூக்கிச் செல்லத்தக்க தானியங்கி நீரடி ஊர்திகளை உருவாக்கியுள்ளதாக அறிவித்தனர். பக்கவாட்டுச் சோனாரும் ஒளிப்படக் கருவியும் கொண்ட இவ்வூர்திகள், தாமே பொருள்களை இனங்காணவும் நீருக்குள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறவும் வல்லவை. கண்ணி செய்யக் கற்றவர் கையிலேயே கண்ணி தேடும் கருவியும் உருவாவது நன்றே.

புதிய கப்பல்கள் கட்டி முடிய ஆண்டுகள் ஆகும். அதற்குமுன் செய்யத்தக்க வேலை ஒன்று உண்டு. ஒவ்வொரு துறைமுக வாயிலின் கடலடியையும் அமைதிக் காலத்திலேயே படமெடுத்து வைத்துக்கொண்டால், நேற்று இல்லாத கல் இன்று எங்கிருந்து வந்தது என்று கேட்க முடியும். வண்டல் படியப் படிய அப்படத்தை மீண்டும் மீண்டும் திருத்தவும் வேண்டும். இச்சிறு ஊர்திகளைக் கொண்டே மும்பையிலும் விசாகப்பட்டினத்திலும் ஹூக்ளியின் முகத்திலும் அதனைத் தொடங்கிவிடலாம்.