ஓலையும் எழுத்துருவும்

திருநாவலூரில் பிறந்த, தேவாரம் பாடிய சுந்தரரின் கல்யாணப் பந்தலுக்கு ஒரு முதியவர் ஓலையோடு வந்தார். "நீ எனக்கு அடிமை" என்றார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்தார். கிழிந்தது படி ஓலை. மூல ஓலை முதியவரிடம் பத்திரமாக இருந்தது. திருவெண்ணெய்நல்லூர் அவையோர் அதைப் படித்து, அதை எழுதிய சுந்தரரின் பாட்டனாருடைய கையெழுத்தோடு ஒப்பிட்டு முதியவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள் என்கிறது பெரியபுராணம்.

இப்போது ஓலை மின்னஞ்சலில் இணைப்பாக வருகிறது. வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கொட்டுகிறது. பதற வேண்டாம், கோப்பு கெடவில்லை. அனுப்பியவர் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பார். ஆங்கில எழுத்துக்கான இடத்தில் அங்கே தமிழ் வடிவம் உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துருவை நிறுவினால் தமிழ் தெரியும். 2010-இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட யூனிகோடு குறியீட்டு முறையில் இந்தக் குழப்பம் இல்லை; அதில் ஆங்கிலத்தோடு கலக்காமல் தமிழுக்கென்றே தனி எண்கள் உண்டு.

கோப்பு திறக்கவே மறுத்தால்? வேர்டு 2007-இல் வந்த புதிய கோப்பு வகை, 2003 வேர்டுக்குத் தானாகப் புரியாது. இரண்டு தொல்லைக்கும் சுலபமான வழி, அனுப்புகிறவரிடம் பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொல்வது. எழுத்துருவையும் அதற்குள்ளேயே வைத்து அனுப்பலாம். மூலக் கோப்பை மட்டும் அவர் அழித்துவிடாமல் இருக்கட்டும்!