கூரைமேல் விழும் கதிர்

விழா அரங்கில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்



தமிழில் 'கதிர்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஞாயிற்றிலிருந்து புறப்படும் ஒளிக்கீற்றும் கதிர். வயலில் முற்றித் தலைசாய்க்கும் நெல்லின் மணிக்கொத்தும் கதிர். முன்னதே பின்னதாக மாறுகிறது என்பதை உழவர் அறிவர். இளங்கோவடிகள் தம் காப்பியத்தைத் திங்களையும் ஞாயிற்றையும் மழையையும் போற்றித் தொடங்கினார். தைத் திருநாளில் முற்றத்தில் பொங்கலிட்டுக் கதிரவனுக்குப் படைக்கும் வழக்கமும் அந்த நன்றியுணர்வின் தொடர்ச்சியே. வடகமும் வற்றலும், அவித்த நெல்லும் மிளகாயும் காய்வது வெயிலில்தான். ஆகவே ஞாயிற்றின் ஆற்றலை இல்லத்திற்குப் பயன்கொள்வது தமிழர்க்குப் புதிதன்று. அந்தக் கதிரை மின்சாரமாக அறுவடை செய்வதே புதியது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்கோ இந்த அறுவடை வெறும் சிக்கனக் கணக்கு மட்டும் அன்று. இந்த மண்ணில் மின்சாரத்தின் பெயரால் நிகழ்ந்த ஒரு நெடுந்துயருக்கு அதில் ஒரு பாடமும் இருக்கிறது.

இவ்விரு மாவட்டங்களின் செல்வம் பெரும்பாலும் மண்ணுக்கு அடியில் புதைந்து கிடப்பது. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்நிலப்பகுதியில் கடல் பரவியிருந்தது. அக்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லே அரியலூரைச் சிமெண்ட் ஆலைகளின் நகரமாக்கியது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாக மாறிய மரம் ஒன்று 18 மீட்டர் நீளத்திற்குப் படுத்திருக்கிறது. அதன் வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டு என்பர் நிலவியலார். ஜெயங்கொண்டம் பகுதியின் அடியிலோ பழுப்பு நிலக்கரி படிந்துள்ளது. அந்நிலக்கரியும் ஒரு காலத்தில் பச்சை மரமாக நின்று வெயிலை உண்டு வளர்ந்ததுதான். எனவே நிலக்கரியைப் பழைய வெயிலின் புதையல் என்று சொன்னாலும் பொருந்தும்.

அந்தப் புதையலைத் தோண்டி மின்சாரம் ஆக்க வேண்டும் என்னும் எண்ணம் எழுந்தது. அண்டை மாவட்டமான கடலூரில், 1956-இல் தொடங்கப்பெற்ற நெய்வேலி நிறுவனம் முன்மாதிரியாக நின்றது. 1990-களின் பிற்பகுதியில் ஜெயங்கொண்டம் அனல்மின் திட்டத்திற்காக உடையார்பாளையம் வட்டத்து ஊர்களில் 8,300 ஏக்கருக்கு மேற்பட்ட பட்டா நிலம் கையகப்படுத்தப்பட்டது. இழப்பீடு போதாது என்று உழவர்கள் நீதிமன்றப் படியேறினர். வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. நிலம் தம் அனுபவத்தில் இருந்தும் உரிமை தம்மிடம் இல்லாத நிலை ஒரு தலைமுறையை வாட்டியது. பத்திரம் செல்லாத நிலத்தை வைத்து மகளுக்குத் திருமணம் செய்ய இயலுமா? மகனின் படிப்புக்குக் கடன் பெற இயலுமா? கால் நூற்றாண்டு கழிந்தும் சுரங்கம் வரவில்லை. ஓர் அலகு மின்சாரமும் பிறக்கவில்லை. இறுதியில் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டு, நிலங்களை உரியவர்க்கே திருப்பித் தர முடிவெடுத்தது. அந்த ஆண்டுகளில் எல்லாம் அதே ஊர்களின் கூரைகள்மேல் நாள்தோறும் புதிய வெயில் விழுந்துகொண்டுதான் இருந்தது. அதைப் பிடித்துவைக்கும் கருவி எளியோர்க்கு எட்டும் விலையில் அப்போது இல்லை என்பதே வேறுபாடு.

அக்கருவியின் வரலாறு நெடியது. ஒளி பட்டால் சில பொருள்களில் மின்னோட்டம் பிறக்கும் என்பதை 1839-இல் பிரெஞ்சு அறிஞர் எட்மண்ட் பெக்கரல் கண்டார். 1905-இல் ஐன்ஸ்டைன் ஒளிமின் விளைவுக்கு விளக்கம் தந்தார்; அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதற்காகவே. 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சேப்பின், புல்லர், பியர்சன் ஆகிய மூவர் சிலிக்கான் மின்கலத்தை உருவாக்கினர். தன்மேல் விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கை அது மின்சாரமாக்கியது. இன்று சந்தையில் கிடைக்கும் தகடுகள் இருபது பங்குக்கு மேல் தருகின்றன. தொடக்கத்தில் அதன் விலை மலைக்க வைத்தது. 1958-இல் விண்ணில் ஏவப்பட்ட வான்கார்ட் போன்ற செயற்கைக்கோள்களுக்கே அது கட்டுபடியாயிற்று. பிறகு ஜெர்மனி 2000-இல் இயற்றிய சட்டம் கூரை மின்சாரத்திற்கு உறுதியான விலை தந்து சந்தையை வளர்த்தது. சீனம் தகடுகளைப் பெருமளவில் உற்பத்தி செய்தது. 2010-க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் தகட்டின் விலை பத்தில் ஒரு பங்காகச் சரிந்தது.

விலை சரிய, பயன்பாடு பெருகியது. உலகின் மொத்தச் சூரிய மின்திறன் 2022-இல் 1,000 கிகாவாட்டைக் கடந்தது. அந்த முதல் ஆயிரத்தை எட்டப் பல பத்தாண்டுகள் ஆயின. அடுத்த ஆயிரம் இரண்டே ஆண்டுகளில் வந்து சேர்ந்தது. ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ மூன்று வீடுகளுக்கு ஒன்றின் கூரையில் தகடுகள் உள்ளன. இந்தியாவில் 2014-இல் மூன்று கிகாவாட்டுக்கும் குறைவாக இருந்த திறன், 2025-இன் தொடக்கத்தில் 100 கிகாவாட்டைத் தாண்டியது.

தமிழகமும் பின்தங்கவில்லை. 2011-இல் முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆண்டுக்கு 60,000 வீடுகள், ஒவ்வொன்றும் 300 சதுர அடி, வீட்டுக்கு ரூ.1.80 லட்சம் என்பது அதன் அமைப்பு. படுக்கையறை, கூடம், சமையலறை, கழிப்பறை, தாழ்வாரம் என ஒவ்வோரிடத்திற்கும் ஒரு விளக்காக ஐந்து சூரிய விளக்குகள் பொருத்தப்பட்டன. சிற்றூரின் ஏழைக் குடும்பத்திற்குக் கூரை மின்சாரம் முதலில் அறிமுகமானது இப்படித்தான். அடுத்த ஆண்டே, 2012-இல், சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேலாக மின்வெட்டு நீடித்தது. அவ்வாண்டில்தான் மாநிலத்தின் சூரிய மின்சக்திக் கொள்கையும் வெளியாயிற்று. 2016-இல் இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் திறனுள்ள பெருநிலையம் இயங்கத் தொடங்கியது. ஆயினும் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் அது பரந்திருப்பதையும் மறக்கலாகாது. சூரிய மின்சாரமே ஆனாலும், தரையில் அமைத்தால் அதற்கும் நிலம் வேண்டும். கூரையில் அமைத்தால் யாருடைய நிலமும் வேண்டுவதில்லை. ஜெயங்கொண்டத்து நிகழ்ச்சியை அறிந்தவர்க்கு இந்த வேறுபாட்டின் எடை விளங்கும்.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு பிரதமரின் சூர்ய கர் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு கோடி வீடுகள் அதன் இலக்கு. ஒரு கிலோவாட் அமைப்புக்கு ரூ.30,000, இரண்டுக்கு ரூ.60,000, மூன்றும் அதற்கு மேலும் ஆனால் ரூ.78,000 மானியம் என வரையறுக்கப்பட்டது. ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி நிழல் விழாத இடம் தேவை. தமிழகத்து வெயிலில் அது நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும். வீட்டில் செலவானது போக எஞ்சியது மின்வாரியக் கம்பிக்குச் செல்லும். இருவழி மீட்டர் வரவையும் செலவையும் கணக்கிடும். தமிழகத்தில் 2016 முதல் இரு மாதங்களுக்கு 100 யூனிட் விலையின்றி வழங்கப்படுவதால், மிகக் குறைவாகச் செலவிடும் இல்லத்திற்குக் கூரைத் தகட்டால் உடனடி ஆதாயம் பெரிதாக இராது. குளிர்சாதனமும் நீரேற்றும் மோட்டாரும் இயங்கி, மேற்படிக் கட்டணத்தில் சிக்கியிருக்கும் இல்லத்திற்கோ முதலீடு சில ஆண்டுகளில் திரும்பும். விற்பவர் சொல்லும் கணக்கை மட்டும் நம்பாமல், ஓராண்டு மின்கட்டணப் பதிவை எடுத்துவைத்துப் பார்த்தபின் அளவை முடிவு செய்வதே அறிவுடைமை.

இம்மாவட்டங்களுக்கென்றே சில கவனங்கள் உண்டு. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையோரத்து வீடுகளில் தகட்டின்மேல் புழுதி விரைவில் படியும். பனிக்காலத்தில் அப்புழுதியோடு ஈரம் சேர்ந்தால் அது பூச்சுப்போல் இறுகிவிடும். ஆகவே இங்கே தகட்டைக் கழுவும் இடைவெளி மற்ற ஊர்களைவிடக் குறைய வேண்டும். ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீரால் கழுவி அப்படியே உலரவிட்டால் வெண்கறை படிந்து ஒளியை மறைக்கும். மழைநீரோ குடிநீரோ நலம், இல்லையேல் மென்துணியால் துடைத்துவிட வேண்டும். உச்சிவெயிலில் கொதிக்கும் கண்ணாடிமேல் குளிர்நீர் ஊற்றுதல் கூடாது; விடியற்காலையே உகந்த பொழுது. மற்றொன்று பலரும் எண்ணாதது. தகட்டுக்கு வேண்டுவது ஒளி, வெப்பம் அன்று. வெப்பம் ஏற ஏற அதன் விளைச்சல் குறையும். எனவே தகட்டுக்கும் தளத்திற்கும் இடையே காற்று உலவும் இடைவெளி விடுதல் கோடையில் பயன் தரும்.

மின்தடை ஏற்பட்டால் கூரைத் தகடு வீட்டுக்கு விளக்கெரிக்கும் என்று பலர் நம்புகின்றனர். மின்கலம் இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு மட்டும் இணைந்த அமைப்பு, மின்தடையின்போது தானும் நின்றுவிடும். அது குறையன்று. கம்பம் ஏறிப் பழுதுபார்க்கும் தொழிலாளியின் மேல், யாரோ ஒருவர் வீட்டுக் கூரையிலிருந்து மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே அவ்வாறு வகுத்திருக்கின்றனர். ஓர் உயிரைக் காக்கும் அந்த ஏற்பாட்டை எவரும் தம் வசதிக்காக மாற்றியமைக்க முற்படலாகாது.

அடுத்த சிக்கல் பொழுது பற்றியது. தகடு விளைவது நண்பகலில். வீடு விழித்தெழுவது அந்தியில். இலங்கை இதனை அண்மையில் அனுபவித்தது. 2025 ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறையில் அலுவலகங்களும் ஆலைகளும் மூடியிருந்தமையால் பகல் தேவை குன்றியது. கூரைச் சூரிய அமைப்புகளைச் சில நாள் பகற்பொழுதில் நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை உரிமையாளர்களைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. மிகுதியும் ஒரு தொல்லையே என்பதற்கு அது சான்று. சேமக்கலங்கள் மலிவாகும் வரை இல்லத்தார் செய்யத்தக்கது ஒன்று உண்டு. மோட்டார் இயக்குதல், துணி துவைத்தல், மாவு அரைத்தல், துணி தேய்த்தல் ஆகியவற்றை வெயில் இருக்கும்போதே முடித்துக்கொள்வது. பொழுதறிந்து வேலை செய்த முன்னோரின் ஒழுங்கு புதிய கருவியோடு மீண்டும் பொருந்தி வருகிறது.

வீட்டைப் போலவே வயலுக்கும் இது பொருந்தும். பெரம்பலூர் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரிப் பூமி; பாசனம் உள்ள இடத்தில் கிணறே துணை. 2019-இல் அறிவிக்கப்பட்ட பிரதமரின் குசும் திட்டத்தின்கீழ், வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக உழவர்க்கு 60 விழுக்காடு மானியத்தில் சூரிய பம்புசெட்டுகள் வழங்கப்பட்டன. இரவில் மும்முனை மின்சாரத்திற்காகக் காத்திருந்து, பாம்புக்கும் தேளுக்கும் அஞ்சி வரப்பில் நடந்த உழவர்க்குப் பகலிலேயே நீர் பாய்ச்சும் வாய்ப்பு பெரும்பேறு. ஆயினும் கட்டணமின்றி நாள் முழுதும் ஓடும் மோட்டார் கிணற்றின் அடியையும் கண்டுவிடும். வெயில் நாளைக்கும் வரும். இறைத்த நிலத்தடி நீர் அவ்வாறு வாராது. சொட்டுநீர்ப் பாசனமும் பண்ணைக்குட்டையும் இல்லாமல் சூரிய பம்பு மட்டும் வருவது முழுப்பயன் ஆகாது.

இன்னும் ஒரு வினா எஞ்சுகிறது. கூரையே சொந்தமில்லாதோர் என்செய்வர்? வாடகை வீட்டாரும், ஓட்டுக்கூரையினரும், மாடிக்குடியிருப்பினரும் இத்திட்டங்களின் வாயிலில் நின்று பார்க்கும் நிலையே பெரிதும் உள்ளது. பள்ளிகள், ஊராட்சி அலுவலகங்கள், திருமண மண்டபங்கள், அறக்கட்டளைக் கட்டடங்கள் ஆகியவற்றின் அகன்ற தளங்கள் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கின்றன. அங்கே தகடு அமைத்து, மிச்சமாகும் தொகையை ஏழை மாணவர் கல்விக்கோ பொதுக் குடிநீருக்கோ ஒதுக்கினால், கூரை இல்லாதவர்க்கும் அந்த வெயிலில் பங்கு கிடைக்கும். அவ்வாறே இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் தேய்ந்த தகடுகள் குப்பைமேடாகிவிடாமல் பார்த்துக்கொள்வதும் கடமை. 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் அவற்றையும் தம் வரம்புக்குள் கொண்டுவந்துள்ளன. வாங்கும்போதே ரசீதையும் உத்தரவாதச் சீட்டையும் பேணி வைத்தால் பின்னாளில் திருப்பி ஒப்படைக்க எளிதாகும்.

வெயில் மிகுதியாகக் கிடைக்கிறது என்பதற்காக வீண்செலவும் மிகுதியாகலாம் என்று பொருளில்லை. பத்து விளக்கு எரிய வேண்டிய இடத்தில் ஐந்து போதும் என்று கண்டறியும் இல்லமே சிறிய தகட்டில் நிறைவு பெறும். தேவையை முதலில் குறைத்து, எஞ்சிய தேவைக்குத் தன் கூரையையே நம்பும் குடும்பம் எங்கோ ஓர் ஊரில் ஒருவருடைய வயல் சுரங்கமாகாமல் இருக்கத் தன்னால் ஆனதைச் செய்கிறது. ஜெயங்கொண்டத்து உழவர்கள் கால் நூற்றாண்டு கழித்து மீட்டெடுத்த நிலத்தில் இனியும் நெற்கதிர் விளையட்டும். மின்சாரத்திற்கு வேண்டிய கதிர் அவரவர் கூரைமேல் விழுந்துகொண்டிருக்கிறது. அதை ஏற்றுக்கொள்ளும் பணி ஒவ்வோர் இல்லத்தாருடையது.