ஆரம்ப சூரத்தனம் போதாது, அறுவடை வரை நிற்போம்!
(கிளைச் சங்கப் பேரவையில் செயலாளர் ஆற்றிய உரை)



வாய்க்கால் தூர்வாரும் கோரிக்கைக்காக முதல் கூட்டம் போட்டபோது திண்ணையில் உட்கார இடமில்லை. மூணாவது கூட்டத்துக்குப் பாதி பேர். இப்போது வருவது விரல் விட்டு எண்ணுகிற கணக்கு. யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. சூடு ஆறுவது மனுஷ இயல்பு. ஆறின பிறகு என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

நமக்குத் தெரியாத பாடமா இது? நடவு அன்றைக்கு வயலில் திருவிழா மாதிரி இருக்கும். களை எடுக்க அத்தனை பேர் வருவதில்லை. ராத்திரி மடை திறக்க ஒத்தை ஆள்தான் போகிறோம். சம்பா என்றால் ஐந்து மாதம். நடவு அன்று இருந்த உற்சாகமா நெல்லை விளைய வைத்தது? உற்சாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தந்த நாளுக்கு உண்டான வேலையைச் செய்தோம், அது விளைய வைத்தது.

காவிரி வழக்கைப் பாருங்கள். 1983ல் டெல்டா விவசாயிகள் சங்கம் ஒன்று உச்சநீதிமன்றத்தில் மனுப் போட்டது. ஏழு வருஷம் கழித்து, 1990ல்தான் நடுவர் மன்றம் அமைக்க உத்தரவு வந்தது. 1991ல் இடைக்காலத் தீர்ப்பு, 2007ல் இறுதித் தீர்ப்பு, 2013ல் அது அரசிதழில் வெளியானது. 2018 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் 177.25 டி.எம்.சி. என்று முடிவு சொன்னது, ஜூன் மாதம் ஆணையம் அமைந்தது. மொத்தம் 35 வருஷம்! கேட்டது முழுசாகக் கிடைக்கவில்லைதான். ஆனால் நடுவில் கட்டை மூட்டை கட்டி வைத்திருந்தால் இதுவும் கிடைத்திருக்குமா?

டெல்லி எல்லையில் 2020 நவம்பர் 26 முதல் 2021 டிசம்பர் வரை விவசாயிகள் ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தார்கள். குளிர், மழை, வெயில் எல்லாம் பார்த்தார்கள். எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? ஒரே ஆள் எல்லா நாளும் உட்காரவில்லை. ஊருக்கு ஊர் முறை வைத்து ஆள் மாற்றினார்கள். ஊரில் இருந்தவர்கள் போனவர் வயலைப் பார்த்துக்கொண்டார்கள். அவரவர் வீறாப்பை மட்டும் நம்பாமல் ஏற்பாட்டை நம்பினார்கள். மூன்று சட்டங்களும் வாபஸ் ஆனது.

நம் வீட்டுக் காரியத்துக்கும் இதே கதைதான். அடகு வைத்த நகையை மீட்கணும் என்று தை மாதம் சபதம் எடுக்கிறோம். மாசி வந்தால் மறந்துபோகிறது. "மொத்தப் பணம் வரட்டும், மீட்போம்" என்று காத்திருந்தால் வட்டிதான் ஏறும். பால் பணம் வருகிற அன்றே, கைச்செலவுக்கு எடுக்கும் முன்னால், ஒரு தொகையைத் தனியே வைத்தால் அசல் குறையும். பெரிய மூட்டையை ஒரே தூக்கில் தூக்க முடியாது. பிரித்தால் பிள்ளைகூடத் தூக்கும்.

ஆகவே தோழர்களே, நாலு முடிவு எடுப்போம்.

ஒன்று: மாதம் ஒரு நாள் குறிப்போம். வருகிறவர் பத்துப் பேரானாலும் கூட்டம் நடக்கும்.

இரண்டு: தெருவுக்கு இரண்டு பேர் முறை வைத்து, மாவட்ட விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போவோம். போகிறவர் வயலுக்குத் தண்ணி பாய்ச்சுவது மற்றவர் பொறுப்பு.

மூன்று: கொடுத்த மனு, வாங்கிய ரசீது, அதிகாரி சொன்ன பதில் எல்லாவற்றையும் ஒரே நோட்டில் தேதியோடு எழுதுவோம். பதில் இல்லையென்றால் 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம். 30 நாளில் பதில் சொல்லணும். சொல்லாவிட்டால் மேல்முறையீடு. சோர்வு வரும்போது அந்த நோட்டைப் புரட்டினால், எவ்வளவு தூரம் நடந்திருக்கிறோம் என்று கண்ணுக்குத் தெரியும்.

நான்கு: வராத ஆளை ஏசக்கூடாது. வீட்டுக்குப் போய், "என்ன மாமா, உடம்பு சரியில்லையா?" என்று விசாரிப்போம். ஏசினால் எட்டிப்போவார், விசாரித்தால் திரும்பி வருவார்.

நாம் களைத்துப்போவோம் என்பதுதான் எதிரில் இருப்பவர்களின் கணக்கு. மனுவைக் கிடப்பில் போடுவதே அதற்காகத்தான். அந்தக் கணக்கைப் பொய்யாக்குவோம். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். அதிகாரி மேஜையில் கிடக்கும் காகிதம் நகராதா?

கடைமடைக்குத் தண்ணீர் வரும் வரை ஓயமாட்டோம்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!