வாசலில் திரும்பிய கட்டுரை



எந்த ஆய்விதழை எடுத்தாலும் 'நோக்கமும் எல்லையும்' என்ற தலைப்பில் ஒரு சின்னப் பத்தி இருக்கும். எப்படிப்பட்ட கட்டுரைகளை ஏற்போம், எவற்றை ஏற்கமாட்டோம் என்ற அறிவிப்பு. பலரும் அதைப் படிக்காமலே புரட்டிவிடுவார்கள். ஆனால் இந்த எல்லைக் கணக்கு, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஒரு கண்டுபிடிப்பையே வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறது.

அதைக் கண்டுபிடித்தவர் டேன் ஷெக்ட்மன், இஸ்ரேலின் ஹைஃபா நகரத்துப் பொருளறிவியல் அறிஞர். 1982-ல் அமெரிக்காவின் தேசியத் தரநிலைக் கழகத்தில் தங்கி, அலுமினியத்தோடு மாங்கனீஸ் சேர்ந்த கலப்புலோகங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். உருகிய கலவையை, வேகமாகச் சுழலும் குளிர்ந்த சக்கரத்தின்மேல் பீய்ச்சுவார்கள். கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அது உறைந்து மெல்லிய நாடாவாகிவிடும். ஏப்ரல் 8-ம் தேதி அந்த உலோகத்தை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். எலெக்ட்ரான்கள் சிதறி விழுந்த தடத்தில் வட்டமாகப் பத்துப் புள்ளிகள், சம இடைவெளியில். குறிப்பேட்டில் 'பத்து மடி', அதாவது பத்து மடிச் சமச்சீர், என்று எழுதி, பக்கத்தில் மூன்று கேள்விக்குறி போட்டார்.

ஏன் அத்தனை கேள்விக்குறி? தரையில் சதுர ஓடு பதிக்கலாம், முக்கோணம் பதிக்கலாம், அறுகோணமும் பதிக்கலாம். ஒழுங்கான ஐங்கோண ஓடுகளை மட்டும் வைத்துப் பாருங்கள், இடையில் சந்து விழும். படிகத்தில் அணுக்கள் ஒரே அடுக்குமுறையில் திரும்பத் திரும்ப வர வேண்டும். ஆகவே ஐந்துக்கும் பத்துக்கும் அங்கே இடமே இல்லை என்று பாடப்புத்தகம் எழுதி வைத்திருந்தது. அவருடைய குழுத் தலைவரே ஒரு பாடப்புத்தகத்தைக் கொடுத்துப் படித்துப் பார்க்கச் சொன்னார். பிறகு குழுவை விட்டே வெளியேறச் சொன்னார்.

1984 கோடையில் ஷெக்ட்மனும் சக ஆய்வாளர் இலான் பிளெக்கும் சேர்ந்து எழுதிய கட்டுரை, 'ஜர்னல் ஆஃப் அப்ளைடு ஃபிஸிக்ஸ்' இதழுக்குப் போனது. போன வேகத்தில் திரும்பியது. இயற்பியலாளர்களுக்கு இதில் ஆர்வம் இருக்காது என்றார்கள். தவறு என்று சொல்லியிருந்தால் ஆதாரம் காட்டி வாதாடலாம். ஆர்வம் இருக்காது என்றால் எதைக் காட்டுவது?

கட்டுரை அடுத்து 'மெட்டலர்ஜிகல் டிரான்ஸாக்ஷன்ஸ்' என்ற உலோகவியல் இதழுக்குப் போய், 1985-ல் வெளிவந்தது. அதற்குள் ஜான் கான், டெனி கிராஷியா என்ற ஆய்வாளர்களும் சேர, நால்வராக எழுதிய சுருக்கமான இன்னொரு கட்டுரை 1984 நவம்பரிலேயே 'ஃபிஸிகல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழில் வந்துவிட்டது. அதுவும் இயற்பியல் இதழ்தான்!

இரண்டின் தலைப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சங்கதி விளங்கும். உலோகவியல் இதழில் வந்தது, வேகமாக உறைந்த உலோகத்தின் நுண்ணமைப்பு பற்றியது என்கிறது. உலைக்களத்துக்காரர் பேச்சு. மற்றது, திசை ஒழுங்கு உண்டு, அடுக்கு திரும்ப வருவது மட்டும் கிடையாது என்கிறது. இது இயற்பியலாளரைத் தூக்கத்திலிருந்து எழுப்பும் பேச்சு. உள்ளே பேசப்படும் உலோகமோ ஒன்றுதான்.

சரி, பொருளறிவியல் இதழின் எல்லைதான் எது? ஒரே எஃகுக் கம்பியை இரண்டாக வெட்டுங்கள். நூற்றுக்கு 0.8 பங்கு கரி உள்ள எஃகு என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் செக்கச்செவேலென்று காய்ச்சி, ஒன்றை உலையிலேயே மெதுவாக ஆறவிடுங்கள், மற்றதைத் தண்ணீரில் முக்குங்கள். முதல் துண்டில் அரம் பிடித்துத் தேய்க்கும். இரண்டாவதில் அரம் வழுக்கிக்கொண்டு போகும், சுத்தியலால் ஓங்கி அடித்தால் துண்டு உடைந்தும் போகும். இரண்டிலும் இருப்பது அதே இரும்பு, அதே கரி, அதே அளவு. வேதியியல் பகுப்பாய்வு இரண்டுக்கும் ஒரே விடையைத்தான் தரும். மாறியது அணுக்களின் அமைப்பு. அதை மாற்றியது ஆறவிட்ட விதம். செய்முறை, அமைப்பு, பண்பு, பயன்பாடு ஆகிய நான்கையும் முடிச்சுப்போடுகிற கேள்விதான் இந்த இதழ்களின் தனிச்சொத்து. புதுக் கலவை செய்தேன், இவ்வளவு எடை தாங்குகிறது என்று அளவை மட்டும் எழுதி அனுப்பினால் நல்ல இதழ்கள் திருப்பிவிடும். ஏன் தாங்குகிறது என்பது வேண்டும். இந்தக் கறார்த்தனம் எனக்குப் பிடிக்கும்.

இந்த எல்லை பிறந்தபோதே இவ்வளவு அகலமாக இல்லை. 1953-ல் 'ஆக்டா மெட்டலர்ஜிகா' என்று உலோகத்துக்காக மட்டும் தொடங்கிய இதழ், 1990-ல் பெயரோடு பிற பொருள்களையும் சேர்த்துக்கொண்டது. 1996-ல் உலோகம் என்ற சொல்லையே கழற்றிவிட்டு 'ஆக்டா மெட்டீரியாலியா' ஆனது. பீங்கான், பாலிமர், குறைகடத்தி எல்லாம் உள்ளே வந்துவிட்டால் பழைய பெயர்ப்பலகை எப்படிப் பொருந்தும்? இங்கிலாந்தில் ராபர்ட் கான், இவர் வேறு கான், 1966-லேயே 'ஜர்னல் ஆஃப் மெட்டீரியல்ஸ் சயின்ஸ்' இதழைத் தொடங்கிவிட்டார். நம் நாட்டில் 1979 முதல் பெங்களூரிலிருந்து 'புல்லட்டின் ஆஃப் மெட்டீரியல்ஸ் சயின்ஸ்' வருகிறது. சர் சி.வி. ராமன் 1934-ல் நிறுவிய இந்திய அறிவியல் அகாதமியின் வெளியீடு அது.

அதே அகாதமி நடத்தும் இயற்பியல் இதழ் 'பிரமாணா'. ஷெக்ட்மனின் செய்தி பரவிய 1985-லேயே, வாரணாசி உலோகவியலாளர்களான ராமச்சந்திரராவும் சாஸ்திரியும் மெக்னீசியம், துத்தநாகம், அலுமினியம் கலந்த கலவையில் இதே வகைப் பொருளை உருவாக்கி அந்த இதழில்தான் எழுதினார்கள். இங்கே உலோகவியலாளர்களுக்கு இயற்பியல் இதழின் கதவு திறந்தது.

1992-ல் பன்னாட்டுப் படிகவியல் சங்கம் படிகம் என்பதற்கான வரையறையையே மாற்றி எழுதியது. 2011-ல் ஷெக்ட்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கொடுத்த பிரிவு வேதியியல்! இதற்கிடையில் 2009-ல், ரஷ்யாவின் கிழக்குக் கோடியிலுள்ள கோர்யாக் மலையிலிருந்து வந்த பாறைத்துண்டு ஒன்றில், இயற்கையாகவே உண்டான இத்தகைய பொருளை லூகா பிண்டி, பால் ஸ்டைன்ஹார்ட் குழுவினர் கண்டுபிடித்தார்கள். ஐகோசஹெட்ரைட் என்று அதற்குப் பெயரும் வைத்தாயிற்று. இப்போது கனிமவியல் இதழ்களும் இது எங்கள் எல்லைக்குள்தான் என்கின்றன.