கட்டிலருகே நின்ற பிள்ளையையும் கணக்கில் எடுங்கள்



2009 மே மாதம் இலங்கையில் போர் முடிந்தபோது, வடக்கே வன்னியிலிருந்து வெளியே வந்தவர்களில் எறிகணைத் துண்டை உடம்பில் சுமந்து வந்தவர்கள் பலர். முள்ளந்தண்டில் காயப்பட்ட பலருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வே அற்றுப் போயிற்று. அவர்களைப் பற்றிப் போதாவிட்டாலும் பேசியிருக்கிறோம். அவர்களுடைய கட்டிலருகே நின்ற பிள்ளையைப் பற்றிப் பேசினோமா? தகப்பன் இல்லாத வீட்டில், தாய் கூலி வேலைக்குப் போனால், அண்ணனைப் பார்க்க மிஞ்சுவது பதினைந்து வயதுத் தங்கைதான். உணர்விழந்த உடம்பு ஒரே பக்கமாகக் கிடந்தால் படுக்கைப்புண் வரும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும், இரவிலும்தான். சிறுநீர்க் குழாயைச் சுத்தமாக வைக்காவிட்டால் கிருமி தொற்றிக் காய்ச்சல் எழும்பும். வைத்தியசாலையில் பயிற்சி பெற்ற தாதியர் முறைமாறிச் செய்யும் வேலை இது. வீட்டில் முறைமாற ஆளில்லை. இப்படி இரவெல்லாம் விழித்த பிள்ளை சாதாரண தரப் பரீட்சையில் தவறினால், அதைப் படிப்பில் அக்கறையில்லாத பிள்ளை என்று எழுதிவைப்பது பெரும் அநியாயம்.

கூடப்பிறந்தவனைப் பார்ப்பது கடமைதானே, இதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. பாசத்துக்கு இங்கே யாரும் கூலி கேட்கவில்லை. பாசம் இருக்கிறது என்ற தைரியத்தில் தாதியை அனுப்பாமல் விட்டதைத்தான் கேட்கிறோம். இன்னொரு கேள்வி இதைவிடப் பாரமானது: அந்தப் பிள்ளையைப் பராமரிப்பவர் என்று அரசாங்கம் பதிந்தால், அதை அந்த வேலையிலேயே கட்டிப்போட்டதாகாதா? அமெரிக்காவில் 2010இல் வந்த சட்டம், காயப்பட்ட படைவீரரை வீட்டில் பராமரிக்கும் உறவினருக்கு மாதப்பணமும் பயிற்சியும் தருகிறது. ஆனால் அவருக்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது என்ற எண்ணம் சரியே. ஆனால் பதிவில் இல்லாததால் பதினாறு வயதுப் பிள்ளை சும்மா இருந்துவிடுவதில்லை. உதவியில்லாமல் அதே வேலையைச் செய்கிறது. இங்கிலாந்தின் 2014ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வழி காட்டுகிறது. பராமரிக்கும் சிறுவரின் தேவையை உள்ளூராட்சி சபை ஆராய வேண்டும்; இந்த வேலையை அந்தப் பிள்ளை செய்வது தகுமா என்பதையும் பார்க்க வேண்டும். ஆக, பதிவது சுமையை இறக்குவதற்காகவே.

இலங்கையில் இழப்பீட்டுக்கெனத் தனி அலுவலகம் அமைக்க 2018இல் சட்டம் நிறைவேறியது. அன்றைய அந்தத் தங்கைகள் இன்று முப்பதைத் தாண்டிவிட்டார்கள். இழப்பீட்டு அலுவலகத்திலிருந்து காயப்பட்டவரைப் பற்றி விசாரிக்க வரும் அதிகாரி, அவரை இரவில் புரட்டியது யார், அப்போது என்ன வயது, எந்த வகுப்போடு படிப்பு நின்றது என்ற மூன்றையும் கேட்டு எழுத வேண்டும். வீட்டுக்கு வரும் தாதியும், வயதெல்லை பாராத தொழிற்பயிற்சியும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், கிராம அலுவலரிடம் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.