ஜன்னலைப் பெயர்த்தால் எங்கே போகிறது?



சாப்பாட்டுக்கு முன்னால் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். பேசப்போவது பழைய அலுமினியத்தைப் பற்றி.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் பழைய ஃபிளாட்களை இடித்துக் கட்டுகிறார்கள். அதிலிருக்கும் ஸ்லைடிங் ஜன்னலைக் கடப்பாறையால் நெம்பினால் டிராக், சக்கரம், ரப்பர், இரும்பு ஸ்க்ரூ எல்லாம் ஒன்றாக நசுங்கிக் காயலான் கடைக்குக் கிலோக் கணக்கில் போகிறது.

உருக்கினால் ஆச்சு என்பீர்கள். வாஸ்தவம். பாக்சைட்டிலிருந்து எடுக்கச் செலவாகும் சக்தியில் சுமார் 5 சதவீதம் போதும். ஆனால் ஜன்னல் செக்‌ஷன் பெரும்பாலும் 6063 என்ற கலவை. கொஞ்சம் மக்னீசியம், கொஞ்சம் சிலிக்கான். இரும்பு அதில் கரைந்துவிட்டால் பிரிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மறுபடி ஜன்னலாகாமல், தரம் இறங்கி வார்ப்புக்குத்தான் போகும். அதிலும் பாத்திரமாகப் போனால் வம்பு. இறக்குமதியான சில அலுமினியப் பாத்திரங்களிலிருந்து காரீயம் உணவில் இறங்கக்கூடும் என்று 2025-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. என்னைக் கேட்டால், என்ன கலந்திருக்கிறதென்று தெரியாத ஸ்கிராப் கதவுக் கைப்பிடியாகட்டும்; குழம்புச் சட்டியாக வேண்டாம்.

இந்த ஊருக்கு அலுமினியம் புதிதல்ல. 1898-ல் சென்னை ஓவியப் பள்ளியில் (இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி) ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பட்டறை ஆரம்பித்தார். செம்பும் பித்தளையும் தட்டிய கைகளுக்கு வேலை கொடுப்பதுதான் நோக்கம். பட்டறை நன்றாக ஓடி, 1903-ல் ஒரு கம்பெனி கைக்குப் போனது. மனிதர் அதற்கு முன்பு பொறியியல் பேராசிரியர். நாம் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்!

இன்றைக்கு அந்தக் கைகள் யார்? தெருமுனையில் கட்டிங் மெஷின் வைத்திருக்கும் ஃபேப்ரிகேட்டர்தான். மந்தைவெளியில் ஒருவர் என்னிடம் சொன்னார்: "புது பார் எடுக்க முழுப் பணத்தையும் முன்னாடியே வைக்கணும் சார். பழசு நெளியாம வந்தா, வெட்டி கொசுவலை ஃபிரேம் போட்டுடுவேன்." சென்னையில் கொசுவலைக்கு ஆர்டருக்கா பஞ்சம்? உருக்கவே வேண்டாம், பாருங்கள். அறுத்து, துளை போட்டால் போதும். துண்டு துணுக்கு மட்டும் உலைக்குப் போகட்டும், அதுவும் ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு.

இங்கே பில்டர்கள் பலர் இருக்கிறீர்கள். இடிப்பு கான்ட்ராக்டில் ஒரு வரி சேருங்கள்: ஜன்னல்களை ஸ்க்ரூ கழற்றி, முழுசாக இறக்க வேண்டும். கூலி கொஞ்சம் கூடத்தான் செய்யும். அந்தந்தப் பேட்டை ஃபேப்ரிகேட்டருக்கே கொடுத்தால் லாரி வாடகை மிச்சம். அடுத்த மாதம் இடிக்க ஆரம்பிக்கிறவர்கள் யாராவது இருந்தால், பந்தியில் என் பக்கத்தில் உட்காருங்கள்.